விலை உயர்ந்த ஃபேஸ்வாஷும் எளிதில் எரியும் முகமும்

தோல் நோய்ப் பிரிவின் புறநோயாளிகள் வரிசையில் அடிக்கடி கேட்கும் சொற்றொடர் ஒன்று உண்டு: "விலை அதிகமானது, அதனால் கெடுதல் செய்யாது என்று நினைத்தோம்." இந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி, எங்கே தவறுகிறது என்பதை விளக்குவதும், முகத்திற்குப் புதிய பொருள் எதையும் பாதுகாப்பாகச் சோதித்துப் பார்க்கும் முறையைக் கற்பிப்பதும் இக்கட்டுரையின் நோக்கம். தொடக்கத்தில் கூறப்படும் நிகழ்வு, உரியவரின் ஒப்புதலுடன், அடையாளம் தெரியாத வண்ணம் விவரங்கள் மாற்றப்பட்டு எழுதப்பட்டுள்ளது.

ஒரு தாயும் மகளும்

கச்சிராயபாளையத்திலிருந்து வெள்ளிமலை செல்லும் வழியிலுள்ள சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் தம் இருபத்திரண்டு வயது மகளை அழைத்து வந்தார். மகளுக்குத் திருமணம் நிச்சயமாகி இருந்தது. முகத்தில் எதைப் பூசினாலும் எரிகிறது என்று அவள் சொன்னதால், எளிதில் பாதிக்கப்படும் சருமத்திற்கு உகந்தது என்று அச்சிடப்பட்ட ஃபேஸ்வாஷ் ஒன்றை 1,200 ரூபாய் கொடுத்துத் தாய் வாங்கித் தந்திருந்தார். மரவள்ளித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் அவருக்கு அது ஏறத்தாழ நான்கு நாள் உழைப்பு. மூன்றாம் நாளே மகளின் கன்னங்கள் சிவந்து, தோல் இறுகி, தண்ணீர் பட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிட்டன.

நான் அந்த ஃபேஸ்வாஷை நிறுத்தச் சொல்லி, எளிய ஈரப்பதக் களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்து, மூன்று வாரம் கழித்து வரச் சொன்னேன். பத்தே நாளில் அவர்கள் திரும்பி வந்தார்கள். முகம் முழுவதும் நெருப்புப் பட்டது போல் சிவந்திருந்தது. தாடையிலும் வாயைச் சுற்றியும் சீழ்ப் பருக்கள். "அந்தக் கம்பெனி மேல புகார் குடுக்கணும் டாக்டரம்மா" என்றார் தாய். செவிலியர் உடனிருக்க, மகளிடம் மட்டும் தனியாகப் பேசினேன். முதல் முறையே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்: "ஃபேஸ்வாஷ் தவிர வேறு என்னம்மா போட்டாய்?"

சற்று நேரம் தலை குனிந்திருந்த அவள், கைப்பையிலிருந்து பாதி தீர்ந்த சிறிய ட்யூப் ஒன்றை எடுத்து வைத்தாள். நிறம் கூடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, மருத்துவர் சீட்டில்லாமல் கடையில் வாங்கி எட்டு மாதங்களாக இரவில் பூசி வந்த களிம்பு அது. அதில் வீரியமிக்க ஸ்டீராய்டு இருந்தது. என்னை முதன்முறை பார்த்துச் சென்ற அன்று பயத்தில் அதையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். இரண்டாம் முறை முகம் எரிந்ததற்குக் காரணம் ஃபேஸ்வாஷ் அன்று. பழகிப்போன ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தியதே.

இந்த நிகழ்விலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்றே. முகம் எரியும்போது, புதிதாக வந்த பொருளையும் அதன் விலையையும் மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. தோல் ஏற்கெனவே எந்த நிலையில் இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தோலின் மேலரண்

நம் தோலின் மிக வெளிப்புற அடுக்கு காகிதத்தைவிட மெல்லியது. முகத்தின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. இறந்த செல்கள் செங்கற்களைப் போலவும், அவற்றுக்கிடையே உள்ள செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் ஆகியவை சாந்தைப் போலவும் அமைந்து ஒரு சுவராக நிற்கின்றன. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமலும், வெளியிலுள்ள வேதிப்பொருள் உள்ளே நுழையாமலும் காப்பது இந்தச் சுவரே.

இச்சுவரின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. ஜெர்மானிய அறிஞர்கள் ஷாடே, மார்ச்சியோனினி இருவரும் 1928-இல் இதனைத் தோலின் அமிலப் போர்வை என்று விவரித்தனர். அமில-கார அளவுகோலில் 7 என்பது நடுநிலை. நலமான தோலின் மேற்பரப்பு ஏறக்குறைய 5. எண்ணெயையும் காரத்தையும் சேர்த்துச் செய்யப்படும் வழக்கமான குளியல் சோப்பின் நுரையோ 9 முதல் 10 வரை. சோப்புப் போட்டுக் கழுவிய பின் தோல் தன் இயல்பு நிலைக்குத் திரும்பச் சில மணி நேரம் ஆகலாம். நலமான தோல் இதைத் தாங்கிக்கொள்ளும். சுவர் இடிந்த தோலால் தாங்க இயலாது.

சோப்பு உறையில் காணப்படும் டி.எஃப்.எம். என்னும் எண்ணைப் பலர் மென்மையின் அளவாகக் கருதுகின்றனர். இந்தியத் தர நிர்ணயத்தின்படி முதல் தரக் குளியல் சோப்பில் அது 76 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. அது சோப்பிலுள்ள கொழுப்புப் பொருளின் அளவைக் காட்டுமே தவிர, அமில-காரத் தன்மையைக் காட்டாது. முதல் தரச் சோப்பும் காரத்தன்மை கொண்டதே.

எளிதில் பாதிக்கப்படும் சருமம் என்பது யாது?

வழக்கமாக எவருக்கும் தொல்லை தராத பொருளோ, வெயிலோ, குளிர்காற்றோ பட்டவுடன் எரிச்சல், குத்தல், நமைச்சல், சுருக்கென்ற உணர்வு தோன்றுமானால் அதை இப்பெயரால் குறிக்கிறோம். 2017-இல் பன்னாட்டு மருத்துவக் குழு ஒன்று வகுத்த வரையறையும் இதுவே. பார்வைக்குத் தோல் இயல்பாகவே இருக்கலாம். எனவே "ஒன்றுமே தெரியவில்லையே, சும்மா சொல்கிறாய்" என்று வீட்டார் கடிந்துகொள்ளலாகாது. அந்த எரிச்சல் உண்மையானது. ஆயினும் இது ஒரு தொந்தரவின் பெயரே அன்றி, காரணத்தின் பெயர் அன்று. அடியில் கரப்பான், ரோசேசியா, ஒவ்வாமை, அல்லது மேற்சொன்ன பெண்ணைப் போல் களிம்பினால் மெலிந்த தோல் மறைந்திருக்கலாம்.

எரிச்சலையும் ஒவ்வாமையையும் பிரித்தறிவதும் தேவை. எரிச்சல் பெரும்பாலும் நிமிடங்களில் அல்லது சில மணி நேரத்தில் தோன்றும், பொருளின் அளவும் பூசிய நேரமும் கூடக் கூட மிகும், நிறுத்தினால் தணியும். ஒவ்வாமை பொதுவாக ஒன்று முதல் மூன்று நாள் கழித்து நமைச்சலோடு தோன்றும். பூசிய இடத்தைத் தாண்டியும் பரவும். மிகச் சிறிய அளவே போதும். ஒரு முறை ஏற்பட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுதும் நீடிக்கும். பல ஆண்டுகள் பழகிய பொருளுக்கும் திடீரென ஒவ்வாமை வரக்கூடும்.

அதிக விலை எதற்காக?

ஃபேஸ்வாஷின் வேலை ஒன்றே: எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் வியர்வையையும் நீரோடு கலந்து வெளியேற்றுவது. அது முகத்தில் தங்குவது அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம். அதிலுள்ள வைட்டமின்களிலும் பழச்சாறுகளிலும் பெரும்பகுதி தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. விலையில் கணிசமான பங்கு நறுமணத்திற்கும் குப்பிக்கும் விளம்பரத்திற்கும் உரியது. ஆகவே விலை அதிகம் என்பதால் அது தீயதாகவும் இராது, நல்லதாகவும் இராது. எரியும் தோலுக்கு நறுமணம் மட்டும் கூடுதல் ஆபத்து.

உறையில் பார்க்க வேண்டியவை சில. "ஃப்ராக்ரன்ஸ்" அல்லது "பர்ஃப்யூம்" என்ற சொல் இருந்தால் தவிர்க்கவும். சோடியம் லாரில் சல்பேட் பட்டியலின் முன்வரிசையில் இருந்தால், வறண்ட தோல் உடையவர்கள் தவிர்ப்பது நல்லது. மெத்தில்ஐசோதயசோலினோன் என்னும் பதப்படுத்தும் பொருளை அமெரிக்கத் தொடர்பு ஒவ்வாமைச் சங்கம் 2013-ஆம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. சோடியம் கோகோயில் ஐசெதியோனேட் போன்ற மென்மையான நுரைப்பொருள் கொண்டவை பொதுவாக ஏற்புடையவை. ஆனால் மென்மையானவை என்று பெயர் பெற்ற குளுக்கோசைடு வகைகளையும் அதே சங்கம் 2017-இல் அப்பட்டியலில் சேர்த்தது. எல்லோருக்கும் ஏற்ற பொருள் என்று ஒன்று இல்லை. "ஹைப்போஅலர்ஜெனிக்" என்ற சொல்லும் உறுதிமொழி ஆகாது. அச்சொல்லுக்கு அளவுகோல் வகுக்க அமெரிக்க அரசு 1975-இல் கொண்டுவந்த விதியை நீதிமன்றம் 1977-இல் செல்லாததாக்கியது. அந்நாட்டில் இன்றும் அச்சொல்லுக்குச் சட்டப்படியான அளவுகோல் இல்லை.

இயற்கைப் பொருளுக்கும் விலக்கு இல்லை. எலுமிச்சைச் சாறு தோலைவிடப் பன்மடங்கு அமிலத்தன்மை உடையது. அதைப் பூசி வெயிலில் சென்றால் தோல் வெந்து கருமை படியும். கடலை மாவையோ பயற்றம் மாவையோ அரப்பையோ அழுத்தித் தேய்த்தால் சுவர் மேலும் இடியும்.

தண்ணீரையும் கவனிக்க வேண்டும். உப்புத்தன்மை மிகுந்த கடின நீரில் சோப்பு நுரைக்காது. படிவு தோலில் தங்கும். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழகமும் லண்டன் கிங்ஸ் கல்லூரியும் 80 பேரிடம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் கழுவியபோது நுரைப்பொருள் தோலில் அதிகம் தங்கி எரிச்சலை மிகுவித்தது என்று கண்டறிந்தனர். கரப்பான் உடையோருக்குப் பாதிப்பு கூடுதலாக இருந்தது. வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீரில் நுரை வரவில்லையெனில், முகத்திற்கு மட்டும் மழைநீரையோ கொதித்து ஆறிய நீரையோ பயன்படுத்திப் பார்க்கலாம். மலைமேல் உள்ளோர் மார்கழி, தை மாதக் குளிர்காற்றில் முகத்தை ஒரு நாளில் பலமுறை கழுவ வேண்டா. காலையில் வெறும் நீரும் இரவில் ஒரு முறை ஃபேஸ்வாஷும் போதும்.

புதிய ஃபேஸ்வாஷைச் சோதிக்கும் முறை

முகம் எரிந்துகொண்டிருக்கும்போது எந்தப் புதிய பொருளையும் தொடங்கக் கூடாது. முகம் தெளிந்து இரண்டு வாரமேனும் ஆன பின் கீழ்க்கண்டவாறு சோதிக்கவும்.

முதல் படி: முழங்கையின் உட்புறம், முன்கையில், ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய இடத்தைத் தேர்ந்தெடுக்கவும். அங்கே ஃபேஸ்வாஷைத் தண்ணீரோடு நுரைத்து, ஒரு நிமிடம் விட்டு, நன்றாகக் கழுவவும். காலை, மாலை இருவேளையும் ஏழு நாள்கள் இதே இடத்தில் செய்யவும். சிலர் அதைக் கையில் பூசி இரவு முழுதும் விட்டுவிடுகின்றனர். கழுவி எடுக்க வேண்டிய பொருளை அப்படி விட்டால் நலமான தோலும் புண்ணாகும். அந்தச் சோதனையால் பயனில்லை.

இரண்டாம் படி: ஏழு நாளும் சிவப்போ நமைச்சலோ தடிப்போ இல்லையெனில், காதுக்குக் கீழே தாடை ஓரத்தில் மூன்று நாள்கள் அதே முறையில் செய்யவும்.

மூன்றாம் படி: அதன்பின் முகம் முழுவதும், இரவில் ஒரு வேளை மட்டும். கையால் மெதுவாகத் தடவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதக் களிம்பு பூசவும்.

நான்காம் படி: இரண்டு வாரத்திற்கு வேறு எந்தப் புதிய பொருளையும் சேர்க்கக் கூடாது. ஒரே நேரத்தில் மூன்று பொருள்களைத் தொடங்கினால் எது காரணம் என்று மருத்துவராலும் சொல்ல இயலாது.

வீட்டுச் சோதனையில் தடிப்பு வந்தாலோ, காரணம் புலப்படாமல் தொல்லை தொடர்ந்தாலோ, ஒட்டுச் சோதனை செய்யலாம். 1895-இல் யோசப் யாடசோன் என்னும் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை இது. பல பொருள்களைச் சிறு அளவில் முதுகில் ஒட்டி, இரண்டாம் நாளிலும் நான்காம் நாளிலும் பார்ப்போம். அந்நாள்களில் முதுகு நனையாமல் இருக்க வேண்டும்.

எரிந்துவிட்டால் என்ன செய்வது?

முகத்தில் பூசும் அனைத்தையும் நிறுத்தவும். குளிர்ந்த நீரில் கழுவி, நனைத்துப் பிழிந்த சுத்தமான பருத்தித் துணியைப் பத்து நிமிடம் ஒற்றவும். நறுமணமற்ற வாசலைன் போன்ற வெண்ணிறப் பெட்ரோலியம் ஜெல்லியை மெல்லிதாகத் தடவலாம். கைப்பேசியில் ஒரு படம் எடுத்து வைக்கவும். மருத்துவரிடம் வருவதற்குள் தோற்றம் மாறிவிடக்கூடும். குப்பியைத் தூக்கி எறிய வேண்டா. அதிலுள்ள பட்டியல் எங்களுக்குத் தேவை. கடைக்காரர் தரும் களிம்பைப் பூச வேண்டா. நீண்ட நாள் பூசிவந்த ஸ்டீராய்டுக் களிம்பு இருந்தால், அதை எப்படி நிறுத்துவது என்பதை உடனே மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யவும்.

இமையோ உதடோ வேகமாக வீங்கினாலும், மூச்சுத் திணறினாலும், மயக்கம் வந்தாலும் காத்திராமல் 108-ஐ அழைக்கவும்.

எல்லாப் பழியும் ஃபேஸ்வாஷுக்கு அன்று

கரும்பு, மரவள்ளி வயல்களில் களை எடுப்போருக்கு இமை, முகம், கழுத்து மடிப்பு, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களில் நமைச்சலுடன் தடிப்பு வந்தால், பார்த்தீனியச் செடி காரணமாக இருக்கலாம். காய்ந்த செடியின் துகள் காற்றில் பறந்து வந்து படிவதே போதும். இத்தகையோர் சோப்பை மாற்றிக்கொண்டே இருப்பதால் பயனில்லை.

முகத்தில் நிறம் மங்கி உணர்ச்சி குறைந்த படை இருந்தால் தொழுநோய்க்கான பரிசோதனை தேவை. அது மாத்திரையால் முற்றிலும் குணமாகும். இரு கன்னங்களிலும் மூக்கின் மேலும் பரவிய சிவப்போடு மூட்டு வலி, காய்ச்சல், முடி உதிர்தல் இருந்தால் லூபஸ் என்னும் நோயா என்று பார்க்க வேண்டும்.

நிறம் கூட்டும் களிம்பின் விலை

2011-இல் இந்தியத் தோல் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், 12 மையங்களில் முகத் தோல் நோயுடன் வந்த 2,926 பேரில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டுக் களிம்பு பூசி வந்தது தெரியவந்தது. நிறம் கூடும் என்றும் பரு போகும் என்றும் நம்பிப் பூசியவர்கள் அவர்களில் பலர். தோல் மருத்துவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதன் பயனாக 2018-இல் மைய அரசு 14 வகை ஸ்டீராய்டுப் பூச்சுகளை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருந்தும், உறவினர் பேச்சும் பக்கத்து வீட்டார் ட்யூபும் தொடர்கின்றன.

முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெரியும், அதுதான் வலை. பின்னர் தோல் மெலியும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் தெரியும், பரு மிகும், மெல்லிய முடி வளரும், வெயில் தாங்காது. நிறுத்தினால் சில நாள்களில் முகம் கொழுந்துவிட்டு எரியும். எனவே மீண்டும் பூசத் தோன்றும். பெட்டியில் தயாரிப்பாளர் விவரமே இல்லாத நிறம் கூட்டும் களிம்புகளில் வேறோர் ஆபத்தும் உண்டு. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் 2023-இல் இத்தகைய களிம்புகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை மருத்துவர்கள் கண்டறிந்தனர். காரணம் அவற்றிலிருந்த பாதரசம். களிம்பு பூசுவோருக்குச் சிறுநீர் நுரைத்தாலோ கால் வீங்கினாலோ உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

அந்தப் பெண்ணின் முகம்

அவளுக்கு முகம் தெளியப் பல மாதங்கள் ஆகலாம் என்றும், இடையில் மீண்டும் எரியலாம் என்றும் தாய்க்கும் மகளுக்கும் வெளிப்படையாகச் சொன்னேன். ஏறக்குறைய ஐந்து மாதங்கள் ஆயின. நிச்சயித்த நாளில் திருமணம் நடந்தபோது கன்னத்தில் சிவப்பு முழுதும் மாறியிருக்கவில்லை. சில நுண்ணிய இரத்தக் குழாய்கள் இன்றும் தெரிகின்றன.

முகம் தெளிந்த பின், மீதமிருந்த அந்த ஃபேஸ்வாஷை மேற்சொன்ன முறையில் முன்கையில் சோதிக்கச் சொன்னேன். ஏழு நாளும் ஒன்றும் ஆகவில்லை. நலமான தோலுக்கு அது தீங்கு செய்யவில்லை. இடிந்த சுவரின் மேல் பட்டபோதுதான் எரிந்தது. ஆயினும் அதில் நறுமணம் இருந்ததால் முகத்திற்கு வேண்டா என்றேன். இப்போது அவள் பயன்படுத்துவது அதன் விலையில் நான்கில் ஒரு பங்குகூட இல்லாத, நறுமணமற்ற ஒன்று. பழைய குப்பியைத் தாய் வேலை முடிந்து வந்து கை கழுவப் பயன்படுத்தித் தீர்த்தார். "காசு போனது போவட்டும். இவ அந்த ட்யூப்ப எங்கிட்ட சொல்லியிருந்தா இந்த அஞ்சு மாசம் மிச்சமாயிருக்கும் டாக்டரம்மா" என்றார்.

மகள் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் திட்டுவார்களோ என்ற பயம். நான் அறியாமல் இருந்ததற்குக் காரணம் கேட்காமல் விட்டது. அன்றிலிருந்து முகத்தில் தொல்லையுடன் வரும் ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். வீட்டில் முகத்தில் படும் சோப்பு, பவுடர், குங்குமம், தலைச்சாயம், எண்ணெய், களிம்பு, பாதி தீர்ந்த ட்யூப், பாட்டி தந்த மூலிகைப் பொடி என எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வாருங்கள். நல்லது, கெட்டது என்று நீங்களே பிரிக்க வேண்டா. உடன் வருவோர் அந்தப் பையைப் பார்த்து யாரையும் கடிந்துகொள்ள வேண்டா. எவர் முன்னிலையிலும் சொல்லத் தயங்கும் செய்தி இருந்தால், மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கும் உரிமை ஒவ்வொரு நோயாளிக்கும் உண்டு.